பெயர் சொல்லாதோரைத் தேடிச் சென்றோர்

மதுவுக்கு எதிரான இயக்கம் என்றதும் இலங்கையர் பலருக்கு 1912ஆம் ஆண்டே நினைவுக்கு வரும். மதுவரிச் சட்டத்தை எதிர்த்துக் கிளம்பிய அவ்வெழுச்சியில் டி.எஸ். சேனாநாயக்காவும் அவரது சகோதரர்களும் முன்னணியில் நின்றமையை வரலாற்று மாணவர் அறிவர். அவ்வியக்கத்தின் இலக்கு தவறணை. தவறணையை விட்டு வெளியே வர இயலாத மனிதன் எங்கே போவது என்பது அதன் கேள்வியாக இருக்கவில்லை. அமெரிக்காவோ 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவைத் தடை செய்து பார்த்தது. தடை போயிற்று, குடிகாரன் இருந்த இடத்திலேயே இருந்தான்.

அவனுக்கான வழியொன்று 1935 மே மாதத்தில், ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில், ஹோட்டல் ஒன்றின் தொலைபேசியிலிருந்து தொடங்கியது. நியூயோர்க்கின் பங்குச்சந்தைக்காரரான பில் வில்சன் ஐந்து மாதங்களாகக் குடிக்காதிருந்தவர். வியாபார அலுவலாக அக்ரன் வந்து தோற்றுப்போய் நின்றார். மேபிளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் ஒரு முனையில் மதுச்சாலை. மறுமுனையில் நகரத்துத் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும் தொலைபேசியும். தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரனுடன் பேசினாலன்றித் தப்ப முடியாது எனக் கருதிய அவர், பட்டியலில் இருந்த மதகுரு ஒருவரை அழைத்தார். மதகுரு கொடுத்த பெயர்கள் வழியே ஹென்றியெற்றா சைபர்லிங் என்ற பெண்மணியும், அவர் மூலம் சத்திரசிகிச்சை நிபுணர் ரொபேர்ட் ஸ்மித்தும் கிடைத்தனர். மறுநாள், அன்னையர் தினத்தன்று, சந்திப்பு. கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று வந்த வைத்தியர் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். அதுவரை அவருக்குப் புத்தி சொன்னோர் அநேகர். சொந்த அனுபவத்திலிருந்து குடியைப் பற்றிப் பேசியவர் வில்சனே முதல்வர். ஸ்மித் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் திகதியையே ‘அல்ககோலிக்ஸ் அனோனிமஸ்’ எனப்படும் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இச்சந்திப்பிலேயே லயித்துவிடுகின்றனர். பத்திரிகைக்காரனாகிய எனக்கோ அதன் பின்னர் எழுந்த சிக்கலே முக்கியமாகப் படுகிறது. யாரோ ஒருவர் வீட்டில் கூடுகிறார்கள். முழுப்பெயர் வெளியில் போகாது. விளம்பரப் பலகை கிடையாது. அத்தகைய கூட்டத்தை வெளியே கிடந்து தவிப்பவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? அயலவரிடம் விசாரிக்கவே நாக்கூசும் விடயம் அல்லவா? 1939 ஏப்ரலில் அவர்கள் வெளியிட்ட புத்தகத்தில் நியூயோர்க் தபாற்பெட்டி இலக்கம் ஒன்று இருந்தது. புத்தகந்தான் முதலில் விற்கவில்லை.

வாசலைக் காட்டியவை பத்திரிகைகள். 1939 ஒக்ரோபரில் கிளீவ்லாண்ட் நகரின் ‘பிளெய்ன் டீலர்’ நாளேட்டில் எல்ரிக் டேவிஸ் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். உதவி கேட்டவர்கள் நூற்றுக்கணக்கில் வந்தனர். அங்கே அனுபவம் பெற்றிருந்தோர் இருபது பேரளவிலேயே. ஆகவே, சில வாரங்களே குடிக்காதிருந்தவரும் தமக்குப் பின்னால் வந்தவருக்குத் துணையாக அனுப்பப்பட்டார். புதியவரைக் கையோடு கூட்டத்துக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் அந்த நெருக்கடியில்தான் உறுதிபெற்றது.

அடுத்து 1941 மார்ச் 1. ‘சற்றர்டே ஈவினிங் போஸ்ற்’ சஞ்சிகைக்காக ஜக் அலெக்சாண்டர் சந்தேகத்துடனேயே விசாரணையைத் தொடங்கி, நம்பிக்கையுடன் எழுதி முடித்தார். சுமார் 2,000 ஆக இருந்த உறுப்பினர் தொகை அவ்வாண்டு முடிவில் 8,000 ஆயிற்று. நியூயோர்க் அலுவலகத்தில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. எந்தக் குழுவும் இல்லாத ஊர்களிலிருந்து எழுதியவர்களின் விலாசங்களை, அப்பக்கம் பயணம் போகும் உறுப்பினர்களிடம், குறிப்பாக விற்பனை முகவர்களிடம், கொடுத்தனுப்பினார்கள். அவர் அந்த ஊரில் இறங்கிக் கதவைத் தட்டுவார். இருவர் சேர்ந்தால் கூட்டம்.

எமது தொழிலில் பெயரே செய்தி. 1940 ஏப்ரலில் கிளீவ்லாண்ட் பேஸ்போல் அணியின் ரொலி ஹெம்ஸ்லி, தான் ஓராண்டாகக் குடிக்காதிருப்பதற்கு ஏ.ஏ.யே காரணம் என நிருபர்களிடம் பகிரங்கமாகச் சொன்னபோது நாடெங்கும் அது பிரசுரமாயிற்று. அதைப் படித்துப் பலர் வந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் பெயர் சொல்லி நின்றவர் நாளை மறுபடி குடித்துவிட்டால் அதுவும் அதே பெரிய எழுத்தில் வரும். அன்றைக்கு வாசலில் தயங்கி நிற்பவன் திரும்பிப் போய்விடுவான். 1950இல் கிளீவ்லாண்டில் கூடிய மாநாடு பன்னிரண்டு மரபுகளை ஏற்றபோது, பத்திரிகை, வானொலி, திரைப்படம் ஆகியவற்றில் உறுப்பினர் தம்மை அடையாளங்காட்டலாகாது என்பதும் அவற்றுள் ஒன்றாயிற்று. 1954இல் யேல் பல்கலைக்கழகம் அளிக்க முன்வந்த கௌரவப் பட்டத்தை வில்சன் ஏற்க மறுத்தது இதன்பொருட்டே.

பெயரில்லாதோரை ஆராய்வது இலகுவன்று. அதனால் இக்கூட்டங்களின் பலன் குறித்து நெடுங்காலம் வாதம் நடந்தது. 2020இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பங்குபற்றிய 27 ஆய்வுகளைப் பரிசீலித்தது. குடியை முற்றாக விட்டிருப்பதில், மக்களை ஏ.ஏ.யுடன் முறைப்படி இணைத்துவிடும் சிகிச்சை ஏனைய உளவியற் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ பயனளிக்கிறது என்பது அதன் முடிவு. எல்லோருக்கும் அது ஒத்துவரும் என்று அந்த மீளாய்வு சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

வில்சன் 1971 ஜனவரி 24ஆம் திகதி காலமானார். ‘நியூயோர்க் டைம்ஸ்’ தன் முதற்பக்கத்தில் அச்செய்தியை வெளியிட்டது, முழுப்பெயருடன்.