பழைய மோட்டார் வண்டியும் அதன் உண்மையும்

தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்கள், குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மோட்டார் வண்டிகளின் அணிவகுப்பைக் கண்டிருக்கக்கூடும். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் இதனை 1964-இல் தில்லியிலும் 1968-இல் கொல்கத்தாவிலும் தொடங்கிற்று. பித்தளை விளக்குகள் மின்ன அவை ஊர்ந்து செல்லும்பொழுது ஒரு வினா எழுகின்றது. நாம் காண்பது பழைய வண்டியையா, பழையதன் உருவில் அமைந்த புதிய வண்டியையா?

இதற்கு விடை காண ஒரு வண்டியின் வரலாறு நமக்கு உதவும். பிரான்சு நாட்டு மோல்ஷைம் நகரில் தொழிற்சாலை நடத்திய எட்டோரே புகாட்டி, மன்னர்களை எண்ணி 'ரோயால்' என்னும் பெருவண்டியை அமைத்தார். எட்டு சிலிண்டர்கள் கொண்ட அதன் எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 12.7 லிட்டர். இருபத்தைந்து வண்டிகள் செய்யக் கருதினார். உலகப் பொருளாதார மந்தத்தினால் ஆறே உருவாயின. அவற்றுள் வெளியார் வாங்கியவை மூன்றே.

அம்மூன்றில் ஒன்றை வாங்கியவர் யோசப் ஃபுக்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர். 1931-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவ்வண்டிக்கு மியூனிக் நகரத்து வைன்பெர்கர் பட்டறையினர் மேற்கூடு அமைத்தனர். மருத்துவர் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். வண்டியும் நியூயார்க்கை அடைந்தது. அங்கே கடுங்குளிரில் எஞ்சினுள் இருந்த நீர் உறைந்து விரிய, எஞ்சின் பிளந்தது. மன்னர்க்கென எண்ணிய ஊர்தி பழைய இரும்புக் கிடங்கிற்குப் போயிற்று.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துப் பொறியாளர் சார்லஸ் செயின் 1946-இல் அதனை வாங்கிச் செப்பனிட்டு மீண்டும் ஓடச் செய்தார். இன்று அது டியர்பான் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கின்றது. ஆயினும் கரிய வண்டிக்கு அவர் வெண்ணிறமும் பச்சையும் தீட்டினார்; ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் நான்கைப் பொருத்தினார். காத்தவரே மாற்றியவரும் ஆனார். அவரைக் குறை கூறல் எளிது. ஆனால் அவர் முன்வந்திராவிடில் இன்று குறை கூறுவதற்கு வண்டியே இருந்திராது.

இதே காலத்தில் கண்காட்சிகளும் பெருகின. கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950-இல் தொடங்கிய போட்டியில் முதற்பரிசு புதிய வண்டிகளுக்கே சென்றது. 1955-இல் பந்தய வீரர் ஃபில் ஹில், தாம் புதுப்பித்த 1931-ஆம் ஆண்டுப் பியர்ஸ் ஆரோ வண்டிக்கு அப்பரிசைப் பெற்றார். அதன்பின் புதுப்பித்தல் ஒரு தனிக்கலையாக வளர்ந்தது.

அக்கலை பொறுமையை வேண்டுவது. ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் படம் எடுத்தல் வேண்டும். பூச்சைப் படலம் படலமாகத் தேய்த்து அடியிலுள்ள முதல் நிறத்தைக் காணல் வேண்டும். உளுத்த மரச்சட்டத்தை அதே வகை மரத்தால் மாற்றல் வேண்டும். நிக்கல் முலாம் இருந்த இடத்தில் குரோமியம் பூசினால் அது காலப் பிழை.

இவ்வளவு கவனத்திலும் ஓர் ஆபத்து உண்டு. நடுவர் குறைக்கும் மதிப்பெண்ணுக்கு அஞ்சி, தொழிற்சாலையே அறியாத பளபளப்பை ஏற்றுவோர் உளர். உறுதியாயிருந்தும் சுருங்கிய தோலிருக்கையைக் களைவோரும் உளர். பழைய ஊர்திகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற 'டூரின் சாசனம்' இதனைத் தடுக்க முற்பட்டது. இயன்ற அளவு குறைவாக மாற்றுக, மாற்றியதைப் பதிவு செய்க என்பது அதன் சாரம்.

திருப்பணி என்னும் பெயரால் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசப்பட்டதைக் கண்ட நமக்கு இந்நெறி புதிதன்று. அழகைப் பின்னரும் கூட்டலாம். அழிந்த சான்றை மீட்க இயலாது. நேயர்களே, உங்கள் இல்லத்திலும் தந்தையாரின் பழைய வண்டி ஒன்று தூசி படிந்து நிற்கக்கூடும். உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் அதனை ஒருமுறை நன்றாகப் பார்த்துக் குறித்து வையுங்கள். அவர் கைபட்டுத் தேய்ந்த இடமும் அவ்வண்டியின் வரலாறே.