நியான் குழாய்க்கு எவ்வளவு அழுத்தம்?

நியான் விளம்பரப் பலகை என்றதும் நம் நினைவுக்கு வருவது அதன் நிறம். அதைச் செய்பவர்களோ அழுத்தத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். வளைத்த கண்ணாடிக் குழாயிலிருந்து காற்றை இழுத்துவிட்டு, உள்ளே எவ்வளவு நியானை விடுவது? குழாயின் ஆயுள் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணில் அடங்கியிருக்கிறது. மாலை வகுப்பொன்றில் இந்தத் தொழிலைக் கொஞ்சம் கற்றபோது நானே அந்த எண்ணைத் தவறவிட்டவன் என்பதால் இதை எழுதத் துணிகிறேன்.

1898ல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும் நியானைக் கண்டுபிடித்தார்கள். காற்றில் பத்து லட்சத்தில் 18 பங்குதான் நியான். 1910 டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜார்ஜ் க்ளோட் நீண்ட நியான் குழாய்களை ஒளிரவைத்துக் காட்டினார். ஒளிரவைப்பது எளிது, தொடர்ந்து ஒளிரவைப்பதுதான் கடினம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குழாய்க்குள் இருக்கும் வாயு மெல்ல மெல்லக் காணாமல் போய்க்கொண்டிருந்தது!

மூடிய குழாயிலிருந்து வாயு எங்கே போகும்? மின்சாரம் பாயும்போது நியான் அயனிகள் மின்வாயில் வேகமாக மோதி, அதன் உலோக அணுக்களைப் பெயர்த்தெறிகின்றன. அந்த உலோகம் பக்கத்துக் கண்ணாடியில் கரும்படலமாகப் படியும்போது நியான் அணுக்களையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறது. அழுத்தம் குறைந்தால் அயனிகள் வழியில் முட்டி மோதி வேகமிழக்க வாய்ப்பில்லை. இன்னும் பலமாகத் தாக்கும். அதனால் இன்னும் அழுத்தம் குறையும். கடன் வாங்கி வட்டி கட்டுகிற கதைதான். க்ளோட் மின்வாயைப் பெரிதாக்கி இதைத் தணித்தார். ஓர் ஆம்பியருக்குக் குறைந்தது 150 சதுர செ.மீ. பரப்பு வேண்டும் என்பது 1915ல் அவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையின் சாரம்.

சரி, அதிகமாகவே நிரப்பிவிட்டால்? அடர்ந்த வாயுவில் மின்சாரத்தைப் பாயவைக்கக் கூடுதல் வோல்ட் தேவை. ஒரு மின்மாற்றி இத்தனை அடிக் குழாயைத்தான் தாங்கும் என்ற கணக்கு பிசகிவிடும். குழாய் பற்றிக்கொள்ளத் திணறும், துடிக்கும், ஒளியும் மங்கும்.

ஆக, இரண்டுக்கும் நடுவே ஓரிடம். அது குழாயின் விட்டத்தைப் பொறுத்தது. வாயு அழுத்தத்தை டார் என்ற அலகால் அளப்பார்கள். கடல் மட்டத்தில் நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம் 760 டார். சிவப்பு நியானுக்குச் சுமாரான அளவுகள் இவை (தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்று மாறும்):

15 மி.மீ. குழாய் - 8 முதல் 9 டார்
12 மி.மீ. குழாய் - 11 டார்
10 மி.மீ. குழாய் - 13 டார்
8 மி.மீ. குழாய் - 17 டார்

விட்டத்தையும் அழுத்தத்தையும் பெருக்கிப் பாருங்கள். எல்லாம் 130ஐ ஒட்டியே வரும். குறுகிய குழாயில் எலக்ட்ரான்கள் சீக்கிரமே சுவரைத் தொட்டு வீணாகின்றன. வாயு அடர்த்தியாக இருந்தால் அந்த ஓட்டம் தாமதப்படும்.

இனி என் கதை. நான் வளைத்தது 10 மி.மீ. குழாயில் ஓர் 'அ'. நிரப்புவதற்கு முன் குழாயில் பெரும் மின்சாரத்தைச் செலுத்திச் சூடாக்கி, கண்ணாடியிலும் மின்வாயிலும் ஒட்டியிருக்கும் அழுக்கை வெளியேற்றுவார்கள். மேலே வைத்த காகிதம் பழுப்பாகும் அளவுக்கு, 200 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். பிறகு ஆறவிட வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. அழுத்தமானியில் 13 டார் காட்டியதும் மூடிவிட்டேன். குழாய் அப்போது 150 டிகிரி இருந்திருக்கும்.

பள்ளியில் படித்த வாயு விதிதான்: 150 டிகிரி என்பது 423 கெல்வின், அறை வெப்பம் 298 கெல்வின். 13ஐ 298ஆல் பெருக்கி 423ஆல் வகுத்தால் 9 டாருக்குச் சற்று மேல். முதுகலைப் பொறியியல் படித்தவனுக்கு இந்தக் கணக்கு அன்று தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அன்றிரவு வகுப்பிலேயே என் 'அ'தான் மிகப் பிரகாசம். அழுத்தம் குறைந்த குழாய் தொடக்கத்தில் சற்றுக் கூடுதலாகவே ஜொலிக்கும் என்று பின்னர்தான் அறிந்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். மூன்றாம் ஆண்டில் முனைகள் கறுத்து, 'அ' துடிக்கத் தொடங்கியது.

நான் எழுதும் மென்பொருளில் பிழை இருந்தால் மறுநாளே யாராவது சொல்லிவிடுவார்கள். நியான்காரரின் பிழை வெளிப்படச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை அது பிழையாகவே தெரியாது. ஒழுங்காக நிரப்பிய குழாய் பல பத்தாண்டுகள் எரியும். குழாய் ஆறும்வரை காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களின் பலன் அது.