உயிரித்திரள் என்றால் என்ன? வைக்கோல் முதல் செயற்கைக்கோள் வரை ஒரு விளக்கம்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பஞ்சாப், ஹரியாணா மாநில வயல்களில் வைக்கோல் எரிக்கப்படும்போது எழும் புகை, டெல்லியின் காற்று மாசு குறித்த விவாதத்தில் முதலிடம் பெறுகிறது. அதே வைக்கோல் மின் நிலையத்துக்கோ எரிவாயு ஆலைக்கோ அனுப்பப்பட்டால் மதிப்புமிக்க எரிபொருளாகிறது. எரிசக்தித் துறை அதனை 'பயோமாஸ்', அதாவது உயிரித்திரள் என அழைக்கிறது. ஒரு காட்டில் எவ்வளவு கார்பன் சேர்ந்துள்ளது என்று சூழலியல் அறிஞர்கள் கணக்கிடும்போதும் இதே சொல்லையே பயன்படுத்துகின்றனர்.

இரு பொருள், ஒரு சொல்

சூழலியலில், ஒரு குறிப்பிட்ட பரப்பில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இருக்கும் உயிரினங்களின் மொத்த எடையே உயிரித்திரள் எனப்படுகிறது. உயிரினங்களின் உடலில் உள்ள நீரின் அளவு வேறுபடும் என்பதால், பெரும்பாலும் உலர் எடையோ கார்பனின் எடையோ கணக்கில் கொள்ளப்படுகிறது. மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன்.

எரிசக்தித் துறையில், எரிபொருளாகப் பயன்படக்கூடிய தாவர, விலங்குப் பொருட்களை இச்சொல் குறிக்கிறது. விறகு, வறட்டி, உமி, வைக்கோல், கரும்புச் சக்கை, சாணம் ஆகியவை இதில் அடங்கும். நிலக்கரியும் பெட்ரோலியமும் பழங்கால உயிரினங்களிலிருந்து உருவானவைதான் என்றாலும், அவை உருவாகப் பல லட்சம் ஆண்டுகள் தேவைப்படுவதால் உயிரித்திரளாகக் கருதப்படுவதில்லை.

பூமியின் எடைக் கணக்கு

இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனம், அமெரிக்காவின் கால்டெக் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பூமியில் உள்ள அனைத்து உயிரினங்களின் உயிரித்திரள் சுமார் 55,000 கோடி டன் கார்பனுக்குச் சமம். இதில் சுமார் 45,000 கோடி டன் தாவரங்களுடையது. பாக்டீரியாக்களின் பங்கு சுமார் 7,000 கோடி டன். விலங்குகள் அனைத்தையும் சேர்த்தாலும் சுமார் 200 கோடி டன் மட்டுமே. மனிதர்களின் பங்கு 6 கோடி டன், கால்நடைகளின் பங்கு 10 கோடி டன். காட்டுப் பாலூட்டிகளின் பங்கோ 70 லட்சம் டன்தான். எண்ணிக்கையில் புலப்படாத இந்த ஏற்றத்தாழ்வை எடைக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் ஆற்றலில் சுமார் 10 சதவீதமே அடுத்த படிக்குச் செல்கிறது. நிலத்தில் புல்லின் எடை மானின் எடையைவிடவும், மானின் எடை புலியின் எடையைவிடவும் பல மடங்கு அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம். கடலில் இந்தக் கூம்பு சில இடங்களில் தலைகீழாகவும் அமையும். நுண்பாசிகள் விரைந்து பெருகி, விரைந்து உண்ணப்படுவதால், அவற்றை உண்ணும் உயிரினங்களின் எடை அவற்றைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

காட்டை எடை போடுவது எப்படி?

நிற்கும் மரத்தைத் தராசில் வைக்க இயலாது. எனவே அதன் சுற்றளவு, உயரம், மரவகையின் அடர்த்தி ஆகியவற்றைக் கொண்டு சூத்திரங்கள் மூலம் எடை கணிக்கப்படுகிறது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டின் காடுகளில் மண்ணில் உள்ளதையும் சேர்த்து 728.5 கோடி டன் கார்பன் சேமிக்கப்பட்டுள்ளது.

விண்ணிலிருந்தும் இந்த அளவீடு மேற்கொள்ளப்படுகிறது. நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள், 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்16 ராக்கெட் மூலம் செலுத்தப்பட்டது. அதன் ரேடார் அலைகள் மேகத்தைக் கடந்து செல்லக்கூடியவை. காடுகளின் உயிரித்திரளில் ஏற்படும் மாற்றங்களைக் கண்காணிப்பதும் அதன் பணிகளில் ஒன்று.

வைக்கோல் ஏன் எரிக்கப்படுகிறது?

பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் கிடைக்கிறது. நிலத்தடி நீரைக் காக்கும் நோக்கில் 2009-ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டம், நெல் நடவைக் கோடையிலிருந்து ஜூன் மாதத்துக்குத் தள்ளியது. அறுவடையும் அதற்கேற்பத் தள்ளிப்போனதால், கோதுமை விதைப்புக்கு முன் வயலைத் தயார் செய்ய விவசாயிக்குக் கிடைப்பது சில வாரங்களே. கம்பைன் இயந்திர அறுவடைக்குப் பின் எஞ்சும் தாளையும் வைக்கோலையும் அகற்றக் கூடுதல் இயந்திரமும் கூலியும் தேவை. சிலிகா அதிகம் உள்ள பாஸ்மதி அல்லாத நெல்லின் வைக்கோலை அப்பகுதியில் மாட்டுத் தீவனமாக அதிகம் விரும்புவதில்லை. ஆகவே, செலவில்லாத வழியாகத் தீ வைக்கப்படுகிறது.

எரிபொருளாக மாற்றும் முயற்சிகள்

மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 75 கோடி டன் உயிரித்திரள் கிடைக்கிறது. தீவனம் உள்ளிட்ட தேவைகள் போக, சுமார் 23 கோடி டன் உபரியாக உள்ளது. இந்த உபரியைக் கொண்டு சுமார் 28,000 மெகாவாட் மின் உற்பத்தித் திறனை உருவாக்க முடியும் என்று கணிக்கப்பட்டுள்ளது. தற்போது நிறுவப்பட்டுள்ள திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. இதில் பெரும்பகுதி கரும்புச் சக்கையைப் பயன்படுத்தும் சர்க்கரை ஆலைகளைச் சார்ந்தது.

அனல் மின் நிலையங்களில் நிலக்கரியுடன் உயிரித்திரளைக் கலந்து எரிக்க வேண்டும் என்ற கொள்கையை மத்திய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் அறிவித்தது. 2023-இல் செய்யப்பட்ட திருத்தம், 2024-25 நிதியாண்டு முதல் 5 சதவீதமும் 2025-26 முதல் 7 சதவீதமும் கலக்க வேண்டும் என நிர்ணயித்தது. ஹரியாணாவின் பானிபட்டில், வைக்கோலிலிருந்து எத்தனால் தயாரிக்கும் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலையைப் பிரதமர் நரேந்திர மோடி 2022 ஆகஸ்ட் 10-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் தயாரிக்கும் வகையில் அது வடிவமைக்கப்பட்டுள்ளது.

தடைகள் என்ன?

வைக்கோல் எடை குறைந்தது, இடத்தை அடைப்பது. நீண்ட தொலைவு கொண்டு சென்றால் வாகனச் செலவே அதன் விலையை விஞ்சிவிடும். எனவே பேலர் இயந்திரத்தால் கட்டி, பின்னர் 'பெல்லட்' எனப்படும் சிறு உருளைகளாக அழுத்த வேண்டியுள்ளது. சில வாரங்களில் சேகரித்ததை ஆண்டு முழுவதும் மழையிலிருந்தும் தீயிலிருந்தும் பாதுகாக்கவும் வேண்டும். வைக்கோலில் உள்ள சிலிகாவும் பொட்டாசியமும் எரியும்போது உருகிக் கொதிகலனில் கட்டியாகப் படிகின்றன.

கார்பன் சமநிலை உண்மையா?

பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கார்பனே எரியும்போது திரும்புகிறது என்பது உயிரித்திரளுக்கு ஆதரவான முக்கிய வாதம். ஓராண்டுக்குள் மீண்டும் விளையும் வைக்கோலுக்கு இது பெருமளவு பொருந்தும். ஆனால், வளர்ந்த மரத்தை வெட்டி எரித்தால், அதே அளவு கார்பனை மீண்டும் சேர்க்கப் புதிய மரத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். மேலும், சமையலறை அடுப்பில் எரியும் விறகும் வறட்டியும் வெளியிடும் புகை பெண்களையும் குழந்தைகளையும் அதிகம் பாதிக்கிறது. 2016-இல் தொடங்கப்பட்ட உஜ்வாலா சமையல் எரிவாயுத் திட்டத்தின் நோக்கங்களில் இப்புகையைக் குறைப்பதும் ஒன்று.

வைக்கோல் முழுவதையும் அகற்றுவதும் தீர்வாகாது. மண்ணில் மக்கும் வைக்கோல் அங்கக கார்பனையும், பொட்டாசியம், நைட்ரஜன் உள்ளிட்ட சத்துகளையும் திருப்பித் தருகிறது. எரிப்பதாலும், முற்றிலும் அள்ளிச் செல்வதாலும் அச்சத்துகளுக்கு ஈடாக உரச் செலவு கூடும். வைக்கோலை அகற்றாமலேயே கோதுமை விதைக்க உதவும் 'ஹேப்பி சீடர்' இயந்திரத்துக்கு அரசு மானியம் வழங்குவதற்கு இதுவும் காரணம். மண்ணுக்கும் மாட்டுக்கும் தேவையானது போக எஞ்சுவது எவ்வளவு என்பதை ஒவ்வொரு பகுதியிலும் சரியாக அளந்த பின்னரே, ஆலைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை முடிவு செய்ய இயலும்.