கல்யாணப் பணம் கல்விப் பணமான கதை

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த பெண், கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கு வருகிறது. இந்தப் ‘புதுமைப் பெண்’ திட்டத்தின் வேர், ஒரு கல்யாண உதவித் திட்டத்தில் இருக்கிறது.

1989-இல் மு. கருணாநிதி ஆட்சியில், ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் தரும் திட்டம் வந்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பணம் கல்யாணத்துக்குத்தான், ஆனால் மணப்பெண் 8-ஆம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும். அந்த நிபந்தனைதான் விதை. பின்னாளில் அது 10-ஆம் வகுப்பானது. 2011-இல் ஜெயலலிதா ஆட்சியில் தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது; 10-ஆம் வகுப்பு படித்தவருக்கு 25,000 ரூபாய், பட்டமோ டிப்ளமோவோ பெற்றவருக்கு 50,000 ரூபாய். ஆட்சிகள் மாறின, படிப்பின் மதிப்பு மட்டும் ஏறிக்கொண்டே வந்தது.

2022 மார்ச் 18 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தாக்கல் செய்த பட்ஜெட்டில், நிபந்தனையாக இருந்த படிப்பே நோக்கமாக மாறியது. திருமண உதவி, உயர்கல்வி உறுதித் திட்டமானது; அம்மையாரின் பெயர் அப்படியே நின்றது. 698 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று, சென்னை பாரதி மகளிர் கல்லூரியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

தாலிக்குத் தங்கத்தை நிறுத்தலாமா என்று கேட்டவர்கள் உண்டு. ஏழை வீட்டில் கல்யாணக் கடன் எவ்வளவு பெரிய சுமை என்பதை அறிந்தவர்களின் கேள்வி அது. ஆனால் திருமணப் பணம் கைக்கு வரும்போது, பெரும்பாலும் பெண்ணின் படிப்பு நின்றுபோயிருக்கும். மாதப் பணமோ, தேர்வுக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் கையைப் பிசைகிற நேரத்திலேயே வருகிறது. வேறு உதவித்தொகை பெறுபவருக்கும் இது உண்டு. பெற்றோர் கணக்குக்குப் போகாமல் அவள் கணக்குக்கே வருவதால், செலவை அவளே தீர்மானிக்கலாம்.

2024 ஆகஸ்டில் ஆண் மாணவர்களுக்காக இதேபோன்ற ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் பிறந்தது. ஆனால் விடுதிச் செலவுக்கும் இன்றைய விலைவாசிக்கும் மாதம் 1,000 ரூபாய் போதாது. தொகை உயர வேண்டும். ஒரு பெண்ணுக்கு அரசு செய்யும் செலவு அவள் மணமேடை ஏறும் நாளுக்காக அல்ல, வகுப்பறையில் இருக்கும் ஆண்டுகளுக்காக என்ற முடிவு மட்டும் இனி மாறக் கூடாது.