ஃபிக்சி வாங்கப் போகிறீர்களா? முதலில் பிரேக்கைப் பாருங்கள்

சென்ற பள்ளி விடுமுறையின்போது சித்தி தொலைபேசியில் அழைத்தார். உயர்நிலை மூன்றில் படிக்கும் தம்பிக்கு ‘ஃபிக்சி’ வேண்டுமாம், இணையத்தில் 150 வெள்ளிக்கு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறதாம். வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டார். நான் சில ஆண்டுகளாக ஃபிக்சி ஓட்டுவது அவருக்குத் தெரியும். அதில் பிரேக் இருக்கிறதா என்று கேட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கைப்பிடியில் ஒன்றையுமே காணோம் என்றார்.

வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் பூங்கா இணைப்புப் பாதைகளிலும் இளையர்கள் ஓட்டிச் செல்லும் அந்த மெல்லிய மிதிவண்டிகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். கியர் கிடையாது, கம்பிகள் தொங்காது, பார்க்க அழகு. பாகங்கள் குறைவு என்பதால் விலையும் குறைவு. ஆனால், எந்தப் பாகத்தில் சிக்கனம் பார்க்கலாம், எதில் பார்க்கக்கூடாது என்பது தெரியாமல் வாங்கினால் அந்த மலிவு ஆபத்தில் முடியக்கூடும்.

பெடல் ஓயாத வண்டி

சாதாரண மிதிவண்டியில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் உருண்டுகொண்டே போகும். அதற்குக் காரணம் பின்சக்கரத்தில் இருக்கும் ஃபிரீவீல். ஃபிக்சியில் அது இல்லை. பின் பல்சக்கரம் நேரடியாகச் சக்கரத்தின் ஹப்பில் திருகப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், பெடலோடு கால்களும் சுற்ற வேண்டும். கால்களால் பின்னோக்கி அழுத்தம் கொடுத்தால் வண்டி மெதுவடையும்.

‘ஃபிக்ஸ்டு கியர்’ என்பதன் சுருக்கம்தான் ஃபிக்சி. தமிழ் படித்தவள் ஆயிற்றே என்று ‘நிலைப்பல் மிதிவண்டி’ எனச் சொல்லிப் பார்த்தேன். தம்பி சிரித்ததோடு அந்த முயற்சி முடிந்தது.

இது புதிய மோகம் அல்ல. 1903ல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு 1937ல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை, மலை ஏறும் முன் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் இருக்கும் வேறு அளவுப் பல்சக்கரத்துக்குத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். இன்று நிலையான பல்சக்கரத்தின் சொந்த இடம் வெலட்ரோம் எனப்படும் பந்தயத் தடம். மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றதும், 2017ல் கெய்ரின் உலக வெற்றியாளர் ஆனதும் இத்தகைய வண்டியில்தான். அவர் வண்டியில் பிரேக் இல்லை. ஆனால், அந்தத் தடத்தில் எல்லாரும் ஒரே திசையில் செல்வார்கள். சந்தைப்பையுடன் ஒரு பாட்டி குறுக்கே வரமாட்டார்.

மலேசியாவில் செய்திகளில் அடிபடும் ‘பாசிக்கால் லாஜாக்’ வேறு வகை. அவை பிரேக்கைக் கழற்றி, கைப்பிடியைத் தாழ்த்தி மாற்றியமைக்கப்பட்ட சிறிய மிதிவண்டிகள். ஃபிக்சியோடு அவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜனவரியில் பாசிர் ரிசில் பலமாடி கார் நிறுத்துமிடம் ஒன்றில் பிரேக் இல்லாத மிதிவண்டியை ஓட்டிய 13 வயதுச் சிறுமி கீழே விழுந்து உயிரிழந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 முதல், சிங்கப்பூரில் பொதுப் பாதைகளிலும் சாலைகளிலும் ஓட்டப்படும் மிதிவண்டிகளில் வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. ஃபிக்சிக்கு விலக்கு இல்லை. கால்களாலேயே நிறுத்திவிடுவேன் என்ற வாதம் செல்லாது.

சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். மிதிவண்டிப் பாதை, பூங்கா இணைப்புப் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10 கிலோமீட்டர்.

விதி ஒரு பிரேக் போதும் என்கிறது. அந்த ஒன்று முன்சக்கரத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வேகத்தைக் குறைக்கும்போது உடலின் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரத்தின் பிடிமானம் குறைகிறது. ஃபிக்சியில் கால்களால் கட்டுப்படுத்துவது பின்சக்கரத்தை மட்டுமே. எவ்வளவு பலமான தொடையாக இருந்தாலும் அந்தச் சக்கரம் சறுக்குமே தவிர, முன்பிரேக் அளவுக்கு வண்டியைச் சட்டென்று நிறுத்தாது. நிற்கும் தூரம் ஏறக்குறைய இரு மடங்காகும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வண்டி ஏழு மீட்டர் போய்விடுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது எங்கே பார்ப்பது?

பயன்படுத்திய ஃபிக்சி ஏறத்தாழ 100 முதல் 200 வெள்ளிக்குக் கிடைக்கிறது. புதிதாக ஒரு முழு வண்டி வாங்கினால் 300 வெள்ளி முதல் 500 வெள்ளிவரை ஆகலாம். ஃபிரேம், சக்கரம், கிராங்க் என்று தனித்தனியாக வாங்கிக் கட்டுவது மலிவு என்று இளையர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. சின்னச் சின்னப் பாகங்கள்தான் கையைக் கடிக்கும். ‘சுனாமி’ போன்ற மலிவான அலுமினிய ஃபிரேமில் தொடங்கி, இரு சக்கரம், டயர், கிராங்க், சங்கிலி, இருக்கை எல்லாம் சேர்ந்தபின் கூட்டிப் பார்த்தால் புதிய முழு வண்டியின் விலையைத் தாண்டியிருக்கும். ஆசைக்காகக் கட்டலாம், அதில் தவறில்லை. சிக்கனத்துக்காக என்றால், நல்ல நிலையில் உள்ள பழைய வண்டியை வாங்கி முக்கியமான இடங்களில் மட்டும் செலவு செய்வதே சரி.

முதலில் முன் ஃபோர்க்கின் உச்சியைப் பாருங்கள். பிரேக் பொருத்துவதற்கான துளை இருக்கிறதா? பந்தயத் தடத்துக்காகச் செய்யப்பட்ட சில ஃபோர்க்குகளில் அது இருக்காது. நாமே துளை போடுவது ஃபோர்க்கைப் பலவீனமாக்கும். துளை இல்லாவிட்டால் வேறு வண்டியைப் பாருங்கள். சித்தி பார்த்த 150 வெள்ளி வண்டி இந்த இடத்திலேயே கழிந்தது.

அடுத்தது பின்சக்கரத்தின் ஹப். ஒருவர் ஏமாறக்கூடிய இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சரியான ஃபிக்சி ஹப்பில் இரண்டு மரைகள் இருக்கும். பெரிய மரையில் பல்சக்கரம் வலப்பக்கமாகத் திருகி ஏறும். அதற்கு வெளியே சற்றுச் சிறிய மரை, எதிர்த் திசையில் வெட்டப்பட்டது. அதில் ‘லாக்ரிங்’ என்ற வளையம் இடப்பக்கமாகத் திருகி ஏறும். நாம் பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழன்றுவரப் பார்க்கும். அப்படித் திரும்பினால் அது லாக்ரிங்கை மேலும் இறுக்கத்தான் செய்யும். எளிமையான, அழகான ஏற்பாடு.

சாதாரண ஃபிரீவீல் ஹப்பிலும் அதே அளவுப் பெரிய மரை இருக்கிறது, ஃபிக்சி பல்சக்கரம் அதிலும் ஏறிவிடும். ஆனால், லாக்ரிங்குக்கான எதிர் மரை அதில் இல்லை. ஒட்டுப்பசை போட்டும் வேறொரு வளையத்தை இறுக்கியும் சிலர் ஃபிக்சி என்று விற்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ‘சூசைட் ஹப்’ என்றே பெயர்.

என் முதல் ஃபிக்சி அப்படிப்பட்டதுதான். பயன்படுத்திய வண்டி, 140 வெள்ளி. இரண்டாவது வாரம், பூங்கா இணைப்புப் பாதையின் சுரங்க நடைபாதைக்கு இறங்கும் சரிவில் வேகத்தைக் குறைக்கப் பின்னோக்கி அழுத்தினேன். பெடல் திடீரென்று எந்த எதிர்ப்பும் இல்லாமல் பின்னால் சுழன்றது. பல்சக்கரம் கழன்றுவிட்டது. முன்பிரேக் மட்டும் இல்லாவிட்டால் கீழே இருந்த சுவரில்தான் நின்றிருப்பேன். விற்றவரிடம் கேட்டபோது, தாமும் அப்படியேதான் வாங்கியதாகச் சொன்னார்.

எனவே பல்சக்கரம், லாக்ரிங், சங்கிலி மூன்றிலும் விலை பார்க்காதீர்கள். சாதாரண வண்டியில் சங்கிலி அறுந்தால் வண்டி ஓடாது, அவ்வளவுதான். ஃபிக்சியில் சங்கிலி அறுந்தால் காலால் நிறுத்தும் வழியும் போய்விடும். துருப்பிடித்த சங்கிலியை உடனே மாற்றுங்கள். இருக்கை, கைப்பிடி, பெயின்ட் போன்றவற்றில் தாராளமாகச் சிக்கனம் பார்க்கலாம். தம்பிக்கு இந்த வரிசை தலைகீழாகத்தான் தெரிந்தது.

பழைய எஃகுச் சாலை மிதிவண்டியை ஃபிக்சியாக மாற்றலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பின்சக்கரத்தின் அச்சு அமரும் பிளவு கிடைவாக்கில் இருந்தால் மாற்றலாம். அச்சை முன்பின்னாக நகர்த்தித்தான் சங்கிலியின் இறுக்கத்தைச் சரிசெய்ய முடியும். பிளவு செங்குத்தாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஃபிக்சி ஹப்பின் அகலம் பொதுவாக 120 மில்லிமீட்டர், பழைய சாலை வண்டிகளில் 126 இருக்கலாம். அந்த வேறுபாட்டைச் சரிசெய்யத் தெரிந்த கடைக்காரரிடம் கொடுப்பது நல்லது.

பற்களின் கணக்கு

முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின்னதால் வகுத்தால் கியரின் கனம் தெரியும். 46க்கு 16 என்றால் 2.875. சமதரையில் வேகமாகப் போகலாம், சாலை விளக்கில் நின்று கிளம்பும்போது முழங்கால் முனகும். 44க்கு 17 என்றால் 2.59. தொடங்குவதும் மெதுவடைவதும் எளிது. புதியவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது கணக்கு. மேம்பாலங்களையும் புக்கிட் தீமா பக்கத்து ஏற்றங்களையும் நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

கால்களைப் பூட்டிப் பின்சக்கரத்தைச் சறுக்கவிடும் ‘ஸ்கிட்’ இளையர்களுக்குப் பிடித்த வித்தை. 48க்கு 16 போட்டால் விகிதம் சரியாக மூன்று. ஒரே காலை முன்வைத்துச் சறுக்கினால் ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம்தான் தரையில் தேயும். டயர் சீக்கிரமே கிழியும். 46க்கு 17 என்றால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரியும். கணக்குப் பாடத்தில் தம்பிக்குப் பிடித்த ஒரே பகுதி இப்போது இதுதான்.

ஓட்டப் பழகுதல்

பல மலிவான ஃபிக்சிகளின் பின்சக்கரத்தில் ஒருபக்கம் நிலையான பல்சக்கரமும் மறுபக்கம் ஃபிரீவீலும் மாட்ட இடம் உண்டு. முதலில் ஃபிரீவீல் பக்கம் வைத்து ஓட்டுங்கள். அப்போது கால்களால் நிறுத்த முடியாது என்பதால் முன், பின் இரண்டு பிரேக்கும் வேண்டும்.

நிலையான பக்கத்துக்கு மாறிய முதல் நாள் ஆள் குறைந்த திறந்தவெளிக்குப் போங்கள். கால்கள் பழக்கத்தில் ஓயப் பார்க்கும், பெடல் உங்களைத் தூக்கி உதறும். அதற்குப் பழக ஒரு வாரமாவது ஆகும். காலைப் பெடலோடு பிடித்துவைக்கும் பட்டை அவசியம். வழுக்கிய கால் மீண்டும் பெடலைத் தேடும்போது அது சுழன்று முழங்கால் எலும்பில் அடிக்கும். வளைவில் திரும்பும்போதும் பெடல் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதிகம் சாய்ந்தால் தரையில் இடித்துத் தூக்கி எறியும். 165 மில்லிமீட்டர் கிராங்க் இதற்காகவே விரும்பப்படுகிறது.

செங்குத்தான சரிவுகளைத் தொடக்கத்தில் தவிருங்கள். 46க்கு 16 வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கினால் கால்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 முறை சுற்ற வேண்டும். அந்த வேகம் கைமீறினால் கால்களை மீட்பது கடினம். கார் நிறுத்துமிடத்தின் சாய்தளங்கள் விளையாடும் இடமல்ல என்பதைப் பிள்ளைகளிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

காலணிக் கயிற்றை உள்ளே செருகுங்கள், வலக்கால் சட்டையை மடித்துவிடுங்கள். சங்கிலியில் துணி சிக்கினால் ஃபிக்சி நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும். இதைவிட முக்கியமானது, சக்கரத்தைச் சுழலவிட்டுக்கொண்டு சங்கிலியைத் துணியால் துடைக்காதீர்கள். சங்கிலிக்கும் பல்லுக்கும் இடையில் விரல் அகப்பட்டால் சக்கரம் அதன் வேகத்திலேயே விரலை உள்ளே இழுத்துவிடும். இப்படி விரல் நுனியை இழந்தவர்கள் உண்டு. சக்கரத்தை நிறுத்தி, கொஞ்சம் துடைத்து, கையை எடுத்து, பிறகு நகர்த்துங்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. சங்கிலியின் நடுப்பகுதி மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் அளவு ஆட வேண்டும். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மிக இறுக்கமான நிலையில் அளந்து பாருங்கள். புதிதாக மாட்டிய லாக்ரிங்கை முதல் சில பயணங்களுக்குப் பிறகு மீண்டும் இறுக்குங்கள். அச்சின் நட்டுகளுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும், அதை எப்போதும் பையில் வைத்திருங்கள். பஞ்சர் ஆனால் அது இல்லாமல் பின்சக்கரத்தைக் கழற்ற முடியாது.

தம்பிக்குக் கடைசியில் வாங்கியது 180 வெள்ளி வண்டி. இரு பிரேக், புதிய சங்கிலி, லாக்ரிங், கால் பட்டை என்று மேலும் சுமார் 100 வெள்ளி ஆனது. பெயின்ட் உரிந்திருப்பது அவனுக்கு இன்னும் குறைதான். இரண்டு மாதம் ஃபிரீவீல் பக்கத்தில் ஓட்டினான். சென்ற வாரம்தான், சித்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நானும் அவனும் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து சக்கரத்தைத் திருப்பி மாட்டினோம்.