ராபின்சனின் கணக்கும் வள்ளியின் கணக்கும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் ராபின்சன் குரூசோவை அந்த மொழியில்தான் படித்தேன். ஆளில்லாத் தீவில் அவன் ஒரு தாளை எடுத்து, நன்மை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம் என வரவு செலவு போல எழுதிப் பார்ப்பான். பிறகு ராயபுரம் பக்கம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவான எனக்கு அந்த இடம் மறக்கவே இல்லை.

ஓய்வுபெற்ற பின் ‘எரியும் பனிக்காடு’ நாவலைப் படித்தேன். சில இரவுகள் தூக்கம் போயிற்று. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் தந்தவர் இரா. முருகவேள். பாலாவின் ‘பரதேசி’ (2013) படத்துக்கு மூலம் இதுதான்.

கதை 1920களில் நடக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கிராமம் ஒன்றிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி மலையேறுகிறார்கள். மேலே மழை, குளிர், அட்டைக்கடி, மலேரியா. துரையின் கண்ணும் வள்ளி மேல் விழுகிறது. கணவன் பக்கத்தில் இருந்தும் அவள் தனிதான்; அவனாலும் எதிர்த்துக் கேட்க முடியாது.

ஊருக்குத் திரும்ப வேண்டியதுதானே என்று தோன்றும். காடு அவர்களைத் தடுக்கவில்லை, முன்பணம் தடுத்தது. அப்படிப்பட்ட கடனுக்குச் சட்டமே துணை நின்றிருக்கிறது. 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம் நம் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கென்று வந்து, பிறகு மற்ற இடங்களுக்கும் நீண்டது. முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டால் மாஜிஸ்திரேட் முன் நிற்க வேண்டும். அவர் உத்தரவையும் மீறினால் மூன்று மாதம் வரை சிறை. 1925இல்தான் அதை ரத்து செய்யச் சட்டம் வந்தது.

ராபின்சன் தன் கணக்கைத் தானே எழுதினான். வள்ளியின் கணக்கை வேறு யாரோ எழுதினார்கள்.

என் மேஜைக்கு முன்னால் ஒருநாள் கடைநிலை ஊழியரான ஓர் அம்மா வந்து நின்றார். பண்டிகை முன்பணம் வாங்கியவர். “பிடித்தம் இன்னும் எத்தனை மாசம் சார்?” என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு எண்ணைச் சொன்னேன். அவர் கடன் நியாயமானது, வட்டியில்லாதது, சட்டப்படியானது. ஆனாலும் அந்தப் பேரேட்டைத் திருப்பி ஒருமுறை அவருக்குக் காட்டியிருக்கலாம். இந்த வயதில் அதுதான் உறுத்துகிறது.