வளைந்தேறும் வீதிகள்: மலையகப் பாதை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வரலாற்று மாணவர் சான்றாதாரங்கள் எனக் கொள்வன பெரும்பாலும் கல்வெட்டுக்களும் ஏடுகளும் அரசாங்க அறிக்கைகளுமேயாம். எனினும் எழுத்தில்லாச் சான்றுகளும் உள. ஒரு நாட்டின் வீதிகள் அத்தகையன. ஒரு வீதி எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, எத்துணைச் சரிவில் ஏறுகின்றது, எவ்வூரைத் தொட்டு எவ்வூரைத் தவிர்த்துச் செல்கின்றது என்பவற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு, அதனை அமைத்தவர் யார், யார் பொருட்டு அமைத்தனர் என்பன புலனாகும். இலங்கையின் மத்திய மலைநாட்டு வீதிகளை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

இவ்வீதிகளை வாசிப்பதற்கு மிகப் பொருத்தமான ஊர்தி துவிச்சக்கரவண்டியே எனலாம். மோட்டார் வாகனத்திற் செல்பவர் சரிவை உணர்வதில்லை. அவருக்காக இயந்திரம் உணர்கின்றது. நடந்து செல்பவரோ வளைவுகளைத் தவிர்த்துக் குறுக்குப் பாதையில் ஏறிவிடுகின்றார். துவிச்சக்கரவண்டியோட்டி மாத்திரமே வீதியின் ஒவ்வொரு வளைவுக்கும் கட்டுப்பட்டு, ஒவ்வோர் அடி உயரத்தையும் தம் முழங்காலால் அளந்து செல்கின்றார். பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுபவர் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திற் புறப்பட்டு, 1868 மீற்றர் உயரத்திலுள்ள நகரை அடைகின்றார். ஏற்றம் நீண்டது, களைப்புத் தருவது. ஆயினும் பெரும்பாலான இடங்களில் அது வண்டியைவிட்டு இறங்கித் தள்ளவேண்டிய அளவிற்குச் செங்குத்தானதன்று. மலையை நேரே எதிர்க்காது, அதன் விலாவைச் சுற்றிச் சுற்றியே வீதி மேலெழுகின்றது. இவ்வமைதி எவ்வாறு ஏற்பட்டது? இதற்கான விடை எருதின் கழுத்திலேயே உள்ளது. பாரமேற்றிய வண்டியை எருது எந்தச் சரிவில் இழுக்கவல்லதோ, அச்சரிவே மலைநாட்டுப் பெருவீதிகளின் அளவுகோலாயிற்று. இன்று ஓட்டியின் கால்களுக்கு இதமாயிருக்கும் அம்மென்சரிவு, ஒரு காலத்தில் கோப்பி மூடைகளின் பொருட்டு வகுக்கப்பட்டதாகும்.

கண்டி மன்னர் காலத்தில் இம்மலைகளிற் பாதைகள் இல்லாதிருக்கவில்லை. வண்டிப் பாதைகளே இல்லாதிருந்தன. ஒற்றையடிப் பாதைகளும், முட்கதவுகளால் அடைக்கப்பட்ட கடவைகளும், அடர்காடுமே அவ்விராச்சியத்தின் அரண்களாய் விளங்கின. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையோரத்தை ஆண்டும் கண்டியை நிலையாகக் கைக்கொள்ள முடியாமற் போனமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். 1815இற் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1817–18 கிளர்ச்சியின்போது இவ்வுண்மையை நன்குணர்ந்தனர். அதன்பின் ஆள்பதியாகிய எட்வேட் பார்ன்ஸ் 1820களிற் கொழும்பு–கண்டி வீதியை அமைப்பித்தமை முதற்கண் இராணுவத் தேவையினாலேயாம். கடுகண்ணாவையில் அவ்வீதி பாறையைத் துளைத்துச் சென்றது. மலையைத் துளைத்து வருபவரே கண்டியை ஆள்வர் என்றோர் ஐதிகம் வழங்கி வந்தமையால், அத்துளை மக்கள் மனத்திலும் ஓர் அரணைத் தகர்த்தது எனலாம்.

இது இலங்கைக்கு மாத்திரம் உரிய செய்தியன்று. ஏறத்தாழ இதே ஆண்டுகளில், 1820க்கும் 1825க்குமிடையில், ஒஸ்திரியப் பேரரசு இத்தாலிய அல்ப்ஸ் மலையில் ஸ்டெல்வியோ கணவாய் வீதியை அமைத்தது. படைகள் செல்வதற்கென்று அமைந்த அவ்வீதி இன்று உலகின் துவிச்சக்கரவண்டியோட்டிகள் தேடிச் செல்லும் தலமாகிவிட்டது. பேரரசுகளின் தேவைக்காக மலைகளில் இடப்பட்ட வளைவுகள் பிற்காலத்தில் இன்பப் பயணத்திற்கு உரியனவாதல் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

படைக்கென வந்த வீதி விரைவிற் கோப்பிக்கு உரியதாயிற்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் உரித்துறுதி காட்டப்படாத காட்டு நிலங்களை அரசுடைமையாகக் கருத வழிவகுத்தது, அந்நிலங்கள் தோட்டங்களாயின. பழைய சிங்களக் கிராமங்கள் வயலும் வாய்க்காலுமாகப் பள்ளத்தாக்குகளில் நிற்க, தோட்டங்கள் மேற்சரிவுகளைப் பற்றிப் படர்ந்தன. இறம்பொடை வீதியிலிருந்து கொத்மலைப் பள்ளத்தாக்கைக் கீழ்நோக்கிப் பார்ப்பவர் இவ்விரு உலகங்களின் எல்லையையும் காணலாம். 1985இல் நிறைவெய்திய கொத்மலை நீர்த்தேக்கம் அப்பழங்கிராமங்கள் பலவற்றை நீருள் ஆழ்த்திவிட்டமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1854இற் கண்டியில் நிறுவப்பெற்ற தோட்டத்துரைமார் சங்கம் வீதிக்காகவும் புகையிரதத்திற்காகவும் அரசை ஓயாது வற்புறுத்தி வந்தது. கோப்பி கீழிறங்கிற்று, அதே வண்டிகளில் தொழிலாளருக்கான அரிசி மேலேறிற்று.

இவ்வீதிகளை வெட்டியோர் யாவர்? பார்ன்ஸ் காலத்தில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின்கீழ்க் கண்டிக் கிராமத்தார் வேலைவாங்கப்பட்டனர். 1830களின் தொடக்கத்தில் அம்முறை ஒழிக்கப்பட்ட பின்னர், கூலிக்கு அமர்த்தப்பட்ட தென்னிந்தியர் வீதிவேலைகளிற் பெரும்பங்கு கொண்டனர். 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டமோ வயதுவந்த ஆண்கள் ஆண்டிற்கு ஆறு நாள் வீதியில் உழைத்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணஞ் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இவ்வரியும் ஒரு காரணமாயிற்று. ஆகவே மலைநாட்டு வீதியின் அடித்தளத்திற் சிங்களக் குடியானவனின் உழைப்பும் தமிழ்க் கூலியாளின் உழைப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. பிற்காலத்தில் ஒருவரையொருவர் அந்நியராக எண்ணத் தலைப்பட்ட இரு மக்களுக்கும் பொதுவாயமைந்த இவ்வரலாறு போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை.

தோட்டங்களுக்கு வந்த தமிழருக்கோ வேறொரு பாதை இருந்தது. பாக்குநீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், வரண்ட காட்டினூடாகத் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தனர். அவ்வழியிற் கொள்ளைநோயாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் மாண்டோர் பலர். கோப்பி மூடைக்கு எருது கிடைத்தது. அதைப் பறிக்க வந்தவருக்குத் தம் கால்களே துணை. சரிவையும் கற்களையும் பாலங்களையும் திட்டமிட்ட வீதிப் பொறியியல், மனிதர் நடந்து வந்த அவ்வழியை நெடுங்காலம் புறக்கணித்தே இருந்தது. கடுகண்ணாவையில், வீதியமைப்பில் ஈடுபட்டு 1829இல் இறந்த தளபதி டோசனுக்கு உயர்ந்ததொரு கோபுரம் நிற்கின்றது. வடக்கு வழியில் மாண்டவர்க்கோ பெயர்ப் பட்டியல்தானும் இல்லை.

1869இற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. புகையிரதம் 1867இற் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. அதன் பாதை ஏறத்தாழ 44 அடிக்கு 1 அடி என்னும் சரிவில் ஏறுகின்றது. எருதுக்கு ஒரு சரிவும் இயந்திரத்திற்கு அதனினும் மென்மையான சரிவும் வகுத்துக் கொடுக்கப்பட்டன. கொழுந்துக்கூடையைத் தலையிற் கட்டிய பெண்ணுக்கு மாத்திரம் எவரும் சரிவு வகுத்தாரல்லர். இன்றும் வளைந்து செல்லும் வீதியை நறுக்கெனக் குறுக்கே வெட்டி, தேயிலைச் செடிகளினூடாக நேரே மேலேறும் ஒற்றையடிப் பாதைகளைக் காணலாம். அவை வரைபடத்தில் இடம்பெறாத வீதிகள். வீதி பொருளுக்கு, குறுக்குப் பாதை மனிதருக்கு. மலையக வரலாற்றின் சாரம் இவ்விரண்டும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியில் அடங்கியுள்ளது.

துவிச்சக்கரவண்டியுங்கூட இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி இன்றைய வடிவிற்கு முன்னோடியான வண்டியை வெளியிட்டார்; 1888இல் டன்லொப் காற்றடைத்த சில்லைச் சமைத்தார். மேல்நாடுகளில் எழுந்த துவிச்சக்கரவண்டி மோகமும், பின்னர் மோட்டார் வாகனமும் இறப்பருக்கு முன்னொருபோதுமில்லாத கிராக்கியை உண்டாக்கின. பிரேசில் விதைகளிலிருந்து முளைத்து 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த நாற்றுக்களின் வழித்தோன்றல்கள் இலங்கையின் தாழ்மலைகளை மூடின. அங்கும் பெருமளவில் தமிழரே தொழிலாளராயினர். அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை, கினிகத்தனை, அட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா செல்லும் ஏறத்தாழ 119 கிலோமீற்றர் வீதியில் ஏறுபவர், முதலில் இறப்பர் நிழலினூடாகவும் பின்னர்த் தேயிலை வெளியினூடாகவும் செல்கின்றார். அவருடைய சில்லின் வரலாறு கீழ்ச்சரிவிலும் அவர் இளைப்பாறி அருந்தும் தேநீரின் வரலாறு மேற்சரிவிலும் உள்ளன.

யாழ்ப்பாணத்துச் சமதரையில் மாணவனும் விவசாயியும் ஆசிரியரும் ஒருங்கே ஏறிய துவிச்சக்கரவண்டி, தோட்டத் தொழிலாளரின் ஊர்தியாக ஒருபோதும் ஆகவில்லை. இதற்கு மலை மாத்திரம் காரணமன்று. வீதி தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் சென்றது, லயத்திற்குச் செல்லவில்லை. வீடும் வேலையும் ஒரே தோட்டத்துள் அடங்கிய வாழ்வில், வெளியே செல்லும் ஊர்திக்குத் தேவை இருத்தலாகாது என்பதே தோட்ட அமைப்பின் எண்ணமாயிருந்தது. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டமை இவ்வடைப்பை மேலும் இறுக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவேண்டியோராக எண்ணப்பட்டபோது, கோப்பி இறங்கிய அதே வழியில் மனிதரும் இறங்கலாயினர்.

குடியுரிமைச் சிக்கல் பிற்காலத்திற் சட்டங்களால் தீர்க்கப்பட்டது. வீதிச் சிக்கலோ அத்துணை விரைவில் தீரவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்களுக்கு உள்ளூராட்சிச் சபைகள் பணிசெய்வதற்குத் தடையாக விளங்கிற்று. அப்பிரிவு 2018இலேயே திருத்தப்பட்டது. நகரத்துக் குடிமகனுக்கு இயல்பாகக் கிடைக்கும் ஒரு பாதைத்துண்டு, லயத்து வாசிக்குச் சட்டத்திருத்தத்தின் பின்னரே கேட்டற்குரியதாயிற்று.

2023இல், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றனர். அவர்கள் தெரிந்தெடுத்தது எருதுக்காக அமைந்த வீதியையன்று. முன்னோரின் கால்கள் அமைத்த வழியையேயாம். ஒரு பாதையை மீண்டும் நடந்து காட்டுவதும் வரலாறெழுதும் ஒரு முறையே என்பதை அந்நடை உணர்த்திற்று.

இன்று இறம்பொடை வளைவுகளிலும் தலவாக்கலைச் சரிவுகளிலும் பல்லிணைச் சில்லுகள் பூட்டிய வண்டிகளிற் பயணிகள் ஏறிச்செல்கின்றனர். பனிமூட்டமும் நீர்வீழ்ச்சியும் நுவரெலியாக் காய்கறித் தோட்டங்களும் பேரிமரங்களும் அவர்தம் கண்களுக்கு விருந்தாகின்றன. அவ்வழகை மறுப்பார் யாருமிலர். ஆனால் வரலாற்று மாணவராகிய நாம் அவ்வளவில் அமைதல் தகாது. வீதியின் மென்சரிவை உணரும்போது அது எப்பாரத்திற்காக வகுக்கப்பட்டது என வினவுதலும், அதனைக் குறுக்கே வெட்டிச் செல்லும் செங்குத்துப் பாதையைக் காணும்போது அதில் ஏறிய பாதங்களை எண்ணுதலும் நம் கடனாகும். அப்பாதைகளையும், அவற்றைப் பற்றித் தோட்டத்து முதியோர் கூறும் செய்திகளையும், அவர் மறைவதற்கு முன்னரே பதிவுசெய்யும் பணி இன்னும் நம்முன் உள்ளது. அது தாமதத்தைப் பொறுக்கும் பணியன்று.